மறுப்பதற்கும் கெடு வேண்டும்

பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பத்தில் குடியிருக்கும் ஒருவர் துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பித்தால் அந்த மனு ஆவடிக்குப் போகும். 2022 ஜனவரி 1 அன்று ஆவடி காவல் ஆணையரகம் தொடங்கப்பட்டபோது பூந்தமல்லி வட்டாரம் அதன் கீழ் வந்தது. காவல் ஆணையர் இருக்கும் பகுதியில், ஆயுதச் சட்டம் ‘மாவட்ட நடுவர்’ என்று சொல்லும் இடத்திலெல்லாம் ஆணையரைத்தான் கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் வரையறைப் பிரிவே கூறுகிறது. ஆகவே, உரிமம் வழங்குவதும் மறுப்பதும் காவல் ஆணையரின் வேலை. முடிவெடுக்கும் முன் அவர் அறிக்கை கேட்க வேண்டியது விண்ணப்பதாரரின் வீட்டுக்கு அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பாளரிடம். அதாவது தன் கீழ் வேலை பார்க்கும் அதிகாரியிடம். இதே திருவள்ளூர் மாவட்டத்தில், ஆணையரக எல்லைக்கு வெளியே திருத்தணிப் பக்கம் ஒரு விவசாயி விண்ணப்பித்தால் மாவட்ட நிர்வாகம் ஒரு துறை, காவல் வேறொரு துறை. கடிதம் போய்வரத் தாமதம் என்று சாக்குச் சொல்லவாவது அங்கே இடம் உண்டு. சென்னீர்குப்பத்துக்காரருக்கு அந்தச் சாக்கையும் சொல்ல முடியாது. ஒரே துறை தனக்குத்தானே கடிதம் எழுதிவிட்டு, பதில் வரவில்லை என்று காத்திருக்கிறது.

எவ்வளவு நாள் காத்திருக்கலாம் என்பதைச் சட்டம் சொல்லாமல் விடவில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, காவல் நிலைய அதிகாரி குறித்த காலத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும் என்கிறது. அந்தக் காலத்தை 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் 30 நாட்கள் என்று வரையறுத்தன. அறிக்கை வந்து சேர்ந்தபின் 60 நாட்களுக்குள் உரிம அதிகாரி காரணம் கூறும் ஆணையாகத் தன் முடிவைத் தெரிவிக்க வேண்டும். காவல் அறிக்கை உரிய நாளில் வராவிட்டால் அதற்காக மேற்கொண்டு காத்திராமலே முடிவெடுக்கலாம் என்ற விலக்கும் அதே 13ஆவது பிரிவில் இருக்கிறது. மொத்தத்தில் மூன்று மாதக் கணக்கு. இந்தக் கணக்கு ஏட்டளவில் நிற்பதால்தான் அலகாபாத் முதல் சென்னை வரை உயர் நீதிமன்றங்களில் ஆயுத உரிம மனுக்கள் ரிட் மனுக்களாக வந்து குவிகின்றன.

கேட்பவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். துப்பாக்கி உரிமம் என்றதும் அரசியல்வாதியின் இடுப்பும் திரைப்பட வில்லனின் மேசை இழுப்பறையும்தான் நம் மனத்தில் வரும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் விஷயம் வேறு. ராணுவத் தளவாட ஆலைகளும் மத்திய ரிசர்வ் காவல் படை மையமும் இருக்கும் வட்டாரம் இது. படையிலிருந்து நாற்பது வயதை ஒட்டி ஓய்வுபெறும் ஒருவருக்கு வங்கியிலோ நகைக்கடையிலோ ஏடிஎம் பணம் ஏற்றிச் செல்லும் வண்டியிலோ ‘கன்மேன்’ வேலை கிடைக்க வேண்டுமானால், பல இடங்களில் முதலில் கேட்கப்படுவது சொந்தப் பெயரில் உரிமமும் ஒரு குழல் துப்பாக்கியும்தான். சாதாரணக் காவலாளியின் சம்பளத்துக்கும் கன்மேன் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு குடும்பத்தின் பள்ளிக் கட்டணம் அடங்கிவிடும். பதினேழு ஆண்டுகள் அரசு கொடுத்த துப்பாக்கியோடு எல்லையில் நின்றவரிடம், நீ தகுதியானவனா என்று விசாரிக்க அரசுக்கு முழு உரிமை இருக்கிறது. விசாரித்து முடித்த பிறகும் ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லாமல் இழுக்கத்தான் உரிமை இல்லை. அவருக்கு அப்பால் விளையாட்டுக்காகச் சுடுபவர்கள், காட்டுப்பன்றிக்குப் பயந்து நிலக்கடலையைக் காக்க முயலும் விவசாயிகள், கொலை மிரட்டலுக்கு ஆளானவர்கள் என்று பட்டியல் நீளும்.

எண்ணிக்கை அப்படியொன்றும் மலைக்கவைப்பது அல்ல. மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி 2016 இறுதியில் நாடு முழுவதும் நடப்பில் இருந்த உரிமங்கள் 33.69 லட்சம். அவற்றில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் சுமார் 22,500. ஏழு கோடிக்கு மேல் மக்கள்தொகை கொண்ட மாநிலத்தில் இது மிகச் சிறிய தொகை. கட்டுப்பாடாக இருப்பது தமிழ்நாட்டுக்குப் பெருமைதான். அதைத் தளர்த்தச் சொல்ல இந்தக் கட்டுரை வரவில்லை. ஆனால் இந்த அளவுக் கோப்புகளைப் பார்க்கும் நிர்வாகம், வேலைப்பளு என்று சொல்லும்போது அதை அப்படியே ஏற்பது கடினம். வீடு தேடி வரும் காவலரின் சரிபார்ப்பு கடவுச்சீட்டுக்கும் தேவைப்படுகிறது. கடவுச்சீட்டு விண்ணப்பங்கள் உரிம மனுக்களைவிடப் பன்மடங்கு அதிகம். ஆனாலும் அவை வாரக் கணக்கில் நகர்கின்றன. நகர வைப்பது ஆள்பலம் மட்டும் அன்று. கோப்பு எங்கே நிற்கிறது என்று விண்ணப்பதாரருக்குத் தெரிகிறது, தாமதத்துக்கு ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால் நகர்கிறது.

இனி தாமதம் சட்டத்துக்குள் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். விஷயத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. உரிமம் மறுக்கப்பட்டால் ஆயுதச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி காரணங்களை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். கேட்டால், பொதுநலனுக்குக் கேடு இல்லாத வரையில், அவற்றைச் சுருக்கமாகத் தரவும் வேண்டும். போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாக்கி மறுக்கக் கூடாது என்றும் அதே பிரிவு தடுக்கிறது. மறுப்பை எதிர்த்து 18ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அந்த மேல்முறையீடு ஓர் ‘ஆணை’க்கு எதிராகத்தான். ஆணையே பிறக்காத இடத்தில் எதை எதிர்த்து முறையிடுவது? ஆக, நிராகரிக்கப்பட்டவருக்குக் காரணம் கிடைக்கிறது, மேல்முறையீடு கிடைக்கிறது. பதிலே கிடைக்காதவருக்கு இரண்டும் கிடையாது. தகுதியில்லாதவர் என்று முடிவு செய்யப்பட்டவரின் சட்ட நிலை, தகுதி பற்றி எதுவும் சொல்லப்படாதவரின் நிலையைவிட மேலாக இருப்பது விசித்திரம். எந்த அதிகாரியும் வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார் என்று சொல்லத் தேவையில்லை. கையெழுத்திட்டு மறுத்தால் கேள்வி வரும், கையெழுத்திட்டு வழங்கினால் நாளை ஏதாவது நடந்தால் அதைவிடப் பெரிய கேள்வி வரும், கோப்பை மேசையில் வைத்திருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற அமைப்பு இருக்கும் வரை நல்ல அதிகாரியும் கோப்பை மேசையில்தான் வைப்பார்.

இந்தச் சிக்கலுக்கு நீதிமன்றம் ஒரு முறை அதிரடியான மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1993இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் கணேஷ் சந்திர பட் வழக்கில் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, தடை செய்யப்படாத துப்பாக்கியை வைத்திருக்கும் உரிமை அரசமைப்பின் 21ஆவது பிரிவில் அடங்கியிருக்கிறது என்றும், விண்ணப்பத்தின் மீது மூன்று மாதத்தில் முடிவு இல்லையென்றால் உரிமம் வழங்கப்பட்டதாகவே கருத வேண்டும் என்றும் சொன்னார். சில ஆண்டுகளுக்குள், ராணா பிரதாப் சிங் வழக்கில் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை ஏற்க மறுத்தது. முழு அமர்வு செய்தது சரி என்பதே என் கருத்து. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை இது. பதில் தராத அரசைத் தண்டிக்கப் போய், யாரென்று விசாரிக்கப்படாதவர் கையில் துப்பாக்கியைக் கொடுப்பதில் என்ன நியாயம்? அமெரிக்காவில் இது நடந்தே இருக்கிறது. அங்கே துப்பாக்கி வாங்குபவரின் பின்னணிச் சோதனை மூன்று வேலை நாட்களில் முடியாவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம். 2015இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றவன் அந்த ஓட்டையின் வழியாகத்தான் துப்பாக்கி வாங்கினான். சோதனை முறையாக முடிந்திருந்தால் அவனுக்கு அது கிடைத்திருக்காது என்று எஃப்.பி.ஐ. இயக்குநரே பிறகு ஒப்புக்கொண்டார்.

அமெரிக்காவைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உரிமத் தாமதத்தை எதிர்த்து அங்கே நடக்கும் வழக்குகளின் வாதத்தை நாம் அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. 2022இல் புரூயன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெளியில் துப்பாக்கி ஏந்திச் செல்வது அரசமைப்பு தந்த உரிமை என்று தீர்ப்பளித்தது; நெடுங்காலக் காத்திருப்பால் அந்த உரிமை பறிக்கப்பட்டால் அதையும் வழக்காக்கலாம் என்று ஓர் அடிக்குறிப்பில் வாசலைத் திறந்து வைத்தது. 2025இல் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட ஷெரீப் துறை மீது மத்திய நீதித்துறையே இப்படி ஒரு வழக்குத் தொடுத்தது. ஏறத்தாழ 4,000 புதிய விண்ணப்பங்களில் இரண்டுக்கு மட்டுமே அனுமதி கிடைத்தது என்பது அதன் குற்றச்சாட்டு. நம் அரசமைப்பில் அப்படியோர் உரிமை இல்லை. இருக்க வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. வெள்ளையர்களுக்கு விலக்கும் இந்தியர்களுக்கு விலங்குமாக வந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை எதிர்த்து, 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு தீர்மானம் போட்டது. 1931 கராச்சித் தீர்மானத்தின் அடிப்படை உரிமைகளிலும் ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றது. ஆனால் 1948 டிசம்பரில் அரசமைப்பு நிர்ணய சபையில் எச்.வி.காமத் அதற்காகக் கொண்டுவந்த திருத்தத்தை அம்பேத்கர் எதிர்த்தார், அது ஏற்கப்படவில்லை. 2023 பிப்ரவரியில் நம் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.எம்.ஜோசஃப், பி.வி.நாகரத்னா அமர்வும் இந்தியாவில் சட்டம் அனுமதித்தால் ஒழிய யாருக்கும் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை இல்லை என்று தெளிவாகச் சொன்னது.

அப்படியானால் சென்னீர்குப்பத்துக்காரர் எந்த உரிமையை வைத்து வழக்குப் போடுவார்? துப்பாக்கிக்கு உரிமை இல்லாவிட்டாலும் பதிலுக்கு உரிமை இருக்கிறது. எல்லாரையும் ஒரே அளவுகோலால் நடத்து, மனம்போனபடி நடக்காதே என்று அரசமைப்பின் 14ஆவது பிரிவு சொல்வது சலுகைகளுக்கும் பொருந்தும். சாராயக்கடை ஏலமோ கல்குவாரிக் குத்தகையோ யாருடைய அடிப்படை உரிமையும் இல்லை. அதற்காக அந்த விண்ணப்பங்களைக் காரணமின்றிக் கிடப்பில் போட நீதிமன்றங்கள் அனுமதிப்பதில்லை. ஒரு நிர்வாக ஆணையின் செல்லுபடியை அதில் எழுதப்பட்ட காரணங்களை வைத்துத்தான் பார்க்க வேண்டும், பிறகு பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்த்து அதைக் காப்பாற்றக் கூடாது என்று 1977இல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இன்றுவரை எல்லா நீதிமன்றங்களும் மேற்கோள் காட்டும் கோட்பாடு அது. மௌனத்தை எந்தக் காரணத்தை வைத்து எடைபோடுவது? உரிம மனுவுக்குப் பதில் தராத அலுவலகம், வழக்கு வந்த பிறகு அரசு வழக்கறிஞர் மூலம் காரணம் தேடும்போது அந்தக் கோட்பாடு வாசலிலேயே தோற்றுப்போகிறது.

நடைமுறையில் அப்படி ஒரு ரிட் மனு எப்படி முடிகிறது என்பது நீதிமன்ற வளாகத்தில் புழங்குபவர்களுக்குத் தெரியும். மனுதாரரின் விண்ணப்பத்தைத் தகுதி அடிப்படையில் பரிசீலித்து எட்டு வாரத்திலோ பன்னிரண்டு வாரத்திலோ முடிவெடுக்கவும் என்று ஒரு பக்க உத்தரவு. இரு தரப்புக்கும் நிம்மதி. வழக்கு முடிந்த கணக்கில் சேர்ந்தது. சட்டமே விதித்த மூன்று மாதம் போய், வழக்கு நிலுவையில் இருந்த மாதங்களும் போய், இப்போது இன்னொரு மூன்று மாதம். அதற்குள்ளும் பதில் வராவிட்டால் அவமதிப்பு வழக்கு. பதில் வந்தால், பெரும்பாலும் மிரட்டல் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை என்ற ஒற்றை வரி நிராகரிப்பு. அதற்குப் பிறகுதான் 18ஆவது பிரிவின் மேல்முறையீடு தொடங்குகிறது. ‘பரிசீலிக்கவும்’ என்ற சொல்லோடு வழக்கை முடிக்கும் பழக்கத்தின் குறைபாட்டை உச்ச நீதிமன்றம் 2006இல் ஆந்திரப் போக்குவரத்துக் கழக வழக்கிலும், 2008இல் தமிழ்நாட்டிலிருந்து போன சி.ஜேக்கப் வழக்கிலும் எடுத்துக் காட்டியது. அவை வேறு வகை வழக்குகள்தான். ஆனால் பரிசீலிக்கச் சொல்வது தீர்வு சொல்வது ஆகாது என்ற எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும். கன்மேன் வேலைக்குக் காத்திருப்பவருக்கு வழக்கறிஞர் கட்டணத்தோடு கிடைப்பது, ஏற்கெனவே சட்டம் இலவசமாகத் தந்திருந்த அதே கெடு.

புதுப்பித்தலில் இழுபறி வந்தால் ஆபத்து இன்னும் கூர்மையானது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட வேண்டும். வைத்திருப்பது சட்டப்படி செல்லாததாகிவிட்டால் ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் 21ஆவது பிரிவு. உரிமமில்லாமல் வைத்திருப்பதற்கான தண்டனையையும் அதே திருத்தம் கூட்டியிருக்கிறது. குடிமகனுக்கு ஒரு நாள் தவறினால் குற்றம். அலுவலகத்துக்கு ஓராண்டு தவறினாலும் நிர்வாக நடைமுறை.

இதற்கு வரும் எதிர்வாதங்களில் வலுவானது, இது துப்பாக்கி என்பதுதான். ரேஷன் அட்டையைப் போல அவசரப்படுத்தக் கூடாத பொருள். பத்து பேரைக் காக்க வைத்தால் ஒருவராவது மனம் மாறிப் போவார், அதுவும் நல்லதே என்று சொல்வார்கள். காத்திருக்க வைப்பதே ஆயுதக் கட்டுப்பாடு என்று நம்பினால் அதைச் சட்டத்தில் எழுதட்டும். ஓராண்டுக் காத்திருப்பு கட்டாயம் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டால் அதை எல்லாருக்கும் சமமாகப் பொருத்தலாம். இன்றைய தாமதம் எல்லாருக்கும் சமமாகப் பொருந்துவதில்லை. ஆள் தெரிந்தவரின் கோப்பு நகரும், தெரியாதவரின் கோப்பு நிற்கும். ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை சுமார் 2.78 லட்சம் உரிமங்கள் முறைகேடாக வழங்கப்பட்டதாக சிபிஐ வழக்குப் பதிந்து விசாரித்தது. இந்திய ஆட்சிப் பணி அதிகாரிகளே கைதானார்கள். காரணம் எழுதாமல் தாமதிக்கும் வசதி எங்கே இருக்கிறதோ, அங்கேதான் காரணம் எழுதாமல் விரைந்து வழங்கும் வசதியும் விலைக்குக் கிடைக்கிறது. மேலும், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் புரட்டினால் துப்பாக்கிக் கொலைகளில் மிகப் பெரும்பாலானவை உரிமம் இல்லாத ஆயுதங்களால் நடப்பவை. நாட்டுத் துப்பாக்கி வாங்குபவன் யாரும் ஆவடி ஆணையரகத்தில் படிவம் நிரப்பிவிட்டுக் காத்திருப்பதில்லை. படிவம் நிரப்பியவரைத்தான் நாம் காக்க வைக்கிறோம்.

காவல்துறைக்கு இதைவிட முக்கியமான வேலைகள் உண்டு என்பது இன்னொரு வாதம். உண்மைதான். பூந்தமல்லி நெடுஞ்சாலையின் விபத்துகளும் கரையான்சாவடி நெரிசலும் வழிப்பறிகளும் ஆய்வாளரின் நாளை விழுங்கிவிடும். ஆனால் உரிம விசாரணையும் குற்றத் தடுப்பு வேலைதான். ஒருவர் துப்பாக்கி வாங்க விரும்புகிறார், அவருக்குக் கொலை மிரட்டல் இருப்பதாகச் சொல்கிறார் என்றால், அந்த மிரட்டல் உண்மையா என்று 30 நாளில் தெரிந்துகொள்வது காவல் நிலையத்துக்கே தேவை. உண்மையானால் உரிமத்துக்கு முன்னால் பாதுகாப்பு கொடுக்க வேண்டும். பொய்யானால் அப்படிச் சொன்னவர் ஏன் துப்பாக்கி கேட்கிறார் என்று பார்க்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் ஓராண்டு கழித்து எழுதப்படும் அறிக்கையால் யாருக்கும் பயன் இல்லை.

தீர்வு நம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 7ஆவது பிரிவு, 30 நாளுக்குள் முடிவு தெரிவிக்காவிட்டால் தகவல் மறுக்கப்பட்டதாகக் கருத வேண்டும் என்கிறது. அப்படிக் கருதியதுமே மேல்முறையீட்டுக் கதவு திறந்துவிடுகிறது. தாமதித்த அலுவலர் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் கட்ட நேரலாம். ஆயுதச் சட்டத்துக்கும் இதே ஏற்பாடு போதும். கெடு முடிந்தால் உரிமம் கிடைத்துவிட்டது என்று கட்ஜு சொன்னது ஆபத்து. கெடு முடிந்தால் மறுக்கப்பட்டதாகக் கொள்ளட்டும். யார் கையிலும் துப்பாக்கி போகாது. விண்ணப்பதாரர் ரிட் மனு இல்லாமல், குறைந்த செலவில் மேல்முறையீட்டுக்குப் போகலாம். மேல்முறையீட்டு அதிகாரி கோப்பை வரவழைத்து, முப்பது நாளில் வர வேண்டிய அறிக்கை ஏன் வரவில்லை என்று எழுத்தில் கேட்கலாம். இதைவிட எளிதாக ஆயுதக் கட்டுப்பாட்டையும் குடிமகனின் உரிமையையும் ஒரே வரியில் காப்பாற்ற எனக்கு வழி தெரியவில்லை. காரணமில்லாத மறுப்பை இது சட்டபூர்வமாக்கிவிடாதா என்று கேட்கலாம். மேல்முறையீட்டில் காரணம் சொல்லும் சுமையை உரிம அதிகாரி மீது வைத்துவிட்டால் அந்த அச்சத்துக்கு இடமில்லை.

ஆயுதங்கள் அரசமைப்பின் மத்தியப் பட்டியலில் ஐந்தாவதாக இருப்பதால் ஆயுதச் சட்டத்தின் 18ஆவது பிரிவைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை. அதுவரை மாநில அரசு கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசம் 2010இலும் பீகார் 2011இலும் அரசு சேவைகளுக்குக் கெடு விதித்துச் சட்டம் செய்தன; தமிழ்நாட்டிலும் பல ஆண்டுகளாக எழுப்பப்படும் கோரிக்கை அது. சட்டம்கூட வேண்டாம், ஓர் உத்தரவு போதும். ஆவடி உள்ளிட்ட ஒவ்வொரு காவல் ஆணையரகமும் ஒவ்வொரு ஆட்சியர் அலுவலகமும் எத்தனை உரிம மனுக்கள் வந்தன, எத்தனை வழங்கப்பட்டன, எத்தனை மறுக்கப்பட்டன, 90 நாள் கடந்து எத்தனை நிலுவையில் உள்ளன என்று மாதந்தோறும் இணையத்தில் வெளியிட உள்துறைச் செயலாளர் ஆணையிடட்டும். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும். உயர் நீதிமன்றமும் அடுத்த முறை இப்படி ஒரு ரிட் மனு வரும்போது பரிசீலிக்கச் சொல்லி அனுப்புவதற்கு முன், விதிகளில் உள்ள 30 நாளும் 60 நாளும் என்ன ஆயின என்று உரிம அதிகாரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் கேட்க வேண்டும்.